வயலுக்கு மேலே ஓடும் கால்வாய்

தென் பிரான்சில் ரோன் ஆற்றிலிருந்து பிரிந்து சுமார் 28 கிலோமீட்டர் ஓடுகிறது டொன்சேர்-மோந்திராகோன் கால்வாய். 1952-இல் திறக்கப்பட்டது. பொலேன் நீர்மின் நிலையத்தின் டர்பைன்களைச் சுழற்றுவது இந்தத் தண்ணீர்தான். சரக்குப் படகுகளும் இதே வழியில்தான் போகின்றன.

மின்நிலையத்தை அடையும் முன், கால்வாயின் நீர்மட்டம் அக்கம்பக்கத்து வயல்களைவிட உயரம். அதைத் தாங்கி நிற்பவை இருபுறக் கரைகள். வெள்ளத்தடுப்புக் கரைக்கு ஆண்டில் சில நாள்தான் சோதனை. இந்தக் கரைகளுக்கோ இரவு பகல் ஓயாத நீரழுத்தம்.

தண்ணீர் கரைமீறி வழிவது கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. உள்ளுக்குள் ஊறி மண்ணை அரிப்பது தெரியாத ஆபத்து, அதனால்தான் அதிகக் கவலைக்குரியது. ஆழமாக இறங்கும் ஒரு மரவேரோ, ஏதோ ஒரு விலங்கு தோண்டிய வளையோ போதும், அரிப்புக்கு வழி கிடைத்துவிடும்.

இத்தகைய கரைகளில் குழாய்களை இறக்கி, உள்ளே ஊறும் நீரின் மட்டத்தை அளக்கிறார்கள். கரையடியில் செல்லும் வடிகால் கசிவை வாங்கிக்கொள்கிறது. ஆனால் கருவிகள் எத்தனை இருந்தாலும், கரையோரம் நடந்து பார்க்கும் பணியாளரின் கண்ணுக்கு ஈடில்லை. கசிவு தெளிவாக வந்தால் ஓரளவு இயல்பு. கலங்கி வந்தால், கரையின் மண்ணே கரைந்து வருகிறது என்று பொருள். அந்த நிமிடமே தகவல் போயாக வேண்டும்.