ஆக்சிஜன் தந்த பாறைகள்

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில், ஹாமலின் பூல் கரையைப் பார்த்ததும் எனக்கு ஏமாற்றம்தான். ஆழமில்லாத தண்ணீரில் திட்டுத்திட்டாகக் கறுத்த கற்கள். குனிந்து பார்த்தால், மேலே உயிருள்ள நுண்ணுயிர்ப் படலம்! ஸ்ட்ரோமட்டோலைட் என்பது இதுதான். அந்தப் படலத்திலுள்ள சயனோபாக்டீரியா மணல்துகளைப் பிடித்து ஒட்டி இதை உருவாக்குகிறது; ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர்கூட இது வளர்வதில்லை. இங்குள்ள தண்ணீரில் கடலைவிட இரு மடங்கு உப்பு. மேய வரும் நத்தைகளுக்கு அது ஆகாது, அதனால் இவை பிழைத்தன.

இதுபோன்ற பாறைகளின் புதைபடிவம் அதே மாநிலத்துப் பில்பாராவில் கிடைத்திருக்கிறது. வயது 340 கோடி ஆண்டுக்கும் மேல். டைனோசரெல்லாம் நேற்றைய பயல்! சயனோபாக்டீரியா வெளியிட்ட ஆக்சிஜன் முதலில் கடல்நீரிலிருந்த இரும்பைத் துருவாக்கிப் படியவைத்தது. காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியது சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். பழங்கடலில் படிந்த அந்த இரும்பைத்தான் பில்பாராவில் இன்று தாதுவாக வெட்டிக் கப்பலேற்றுகிறார்கள்.