சாவா மூவாக் கொடை

திருவனந்தபுரத்தில் ஓய்வு பெற்ற முதியோர் தனித்து வாழும் வீடுகள் பல உள்ளன. பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலோ பெங்களூரிலோ பணியில் இருப்பர். முதியவருக்குத் துணையாக வாசற்படியில் ஒரு நாய் படுத்திருக்கும். அடுக்களைப் புறத்தில் ஒரு பூனை காத்திருக்கும். முதியவர் மறைந்தபின் பிள்ளைகள் வருவர். சடங்குகள் முடிந்ததும் வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துச் செல்வர். நாயையும் பூனையையும் யார் எடுத்துச் செல்வர்? வளர்த்த விலங்கைத் தக்க காரணமின்றிப் பசியிலும் தாகத்திலும் வாடுமாறு கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆயினும் அவற்றுள் சில தெருவை அடைகின்றன. நல்வாய்ப்புடையவை காப்பகத்தை அடைகின்றன.

தெருநாய்கள் அனைத்தையும் காப்பகத்தில் வைத்து வளர்ப்பதில்லை. விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், 2023 என்பவற்றின்படி, கருத்தடை செய்து வெறிநோய்த் தடுப்பூசி போட்ட நாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விடுதல் வேண்டும். ஆகவே, காப்பகத்தில் நிலையாகத் தங்குபவை பெரும்பாலும் திரும்பிச் செல்ல இயலாத உயிர்களே: பார்வை இழந்தவை, வண்டியில் அடிபட்டுக் கால் முடங்கியவை, முதுமையால் தளர்ந்தவை. இவற்றுக்கு நாள்தோறும் சோறும் இறைச்சியும் வேண்டும். மருந்தும் தடுப்பூசியும் வேண்டும். கூடுகளைக் கழுவும் பணியாளருக்கு ஊதியம் வேண்டும். இடவப்பாதி மழை தொடங்கினால் தோல்நோய்களும் உண்ணித் தொல்லையும் பெருகிச் செலவு கூடும். பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் அமைப்பின் திருவனந்தபுரக் கிளை போன்ற தொண்டு அமைப்புகள் இப்பணியைச் செய்துவருகின்றன.

இத்தகைய அமைப்புகள் பெரிதும் நம்பியிருப்பது பொதுமக்களின் நன்கொடையை. மாதந்தோறும் ஐந்நூறு ரூபாய் அனுப்பிவந்த ஒருவர் இறந்துவிட்டால் அத்தொகையும் நின்றுவிடும். அவர் பணத்தால் உணவுண்ட நாய்க்கோ பசி நிற்பதில்லை. கொடுப்பவரின் ஆயுளைக் கடந்தும் தொடரும் கொடைக்கு வழியுண்டா என்னும் வினா இங்கே எழுகின்றது.

நம் முன்னோர் இவ்வினாவை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டனர். சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘சாவா மூவாப் பேராடு’ என்னும் தொடர் பல இடங்களில் காணப்படுகின்றது. கோயிலில் அணையா விளக்கு எரிக்க விரும்பியவர் நெய்யைக் கொடுக்கவில்லை, ஆடுகளைக் கொடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்பது கணக்கு. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடுகள் மூப்படையும், இறக்கும். ஆனால் அவற்றின் குட்டிகள் அவ்விடத்தை நிரப்பும். மந்தையின் எண்ணிக்கை என்றும் குறைவதில்லை. அதனால்தான் அவை சாவாதவை, மூவாதவை எனப்பட்டன. கணக்குத் தெரிந்தவர்கள் கண்ட அழகிய பெயர்!

இன்று அந்த மந்தையின் இடத்தில் மூலநிதி இருக்கின்றது. ஒருவர் காப்பகத்துக்கு ஐந்து இலட்சம் ரூபாய் விட்டுச் செல்கிறார் என்று கொள்வோம். அத்தொகையை வங்கியில் வைப்பாக இட்டு, ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறு வட்டி கிடைத்தால், ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரும். மாதத்துக்கு 2,500 ரூபாய். மூலதனம் அப்படியே இருக்கும். சில நாய்களின் உணவுச் செலவு நிலையாக நடைபெறும். விலைவாசி உயர்வதால் வட்டியில் ஒரு பகுதியை மூலதனத்துடன் சேர்த்துவருவது நன்று. ஆட்டு மந்தைக்கு இந்தச் சிக்கல் இல்லை.

இவ்வாறு விட்டுச் செல்வதற்குரிய ஆவணமே உயில். இச்சொல் ‘வில்’ என்னும் ஆங்கிலச் சொல்லிலிருந்து தமிழுக்கு வந்தது. மலையாளத்தில் இதனை வில்பத்ரம் என்பர். அரபு மொழியிலிருந்து வந்த ஒசியத்து என்னும் சொல்லும் அங்கே வழங்குகின்றது. பதினெட்டு வயது நிறைந்த, தெளிந்த மனமுடைய எவரும் உயில் எழுதலாம். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, எழுதியவர் கையொப்பமிட வேண்டும்; குறைந்தது இரண்டு சாட்சிகள் சான்றொப்பமிட வேண்டும். முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவு செய்வதும் கட்டாயமன்று; எனினும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால் பின்னாளில் ஐயம் குறையும். உயிருடன் இருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றி எழுதலாம். இறுதியாக எழுதியதே செல்லும்.

விலங்கின் பெயருக்கே சொத்தை எழுதிவைக்க இயலாது. சட்டத்தின் பார்வையில் வளர்ப்பு நாயும் ஓர் உடைமையே. உடைமை இன்னோர் உடைமையைப் பெற முடியாது. எனவே, நாயைப் பேணும் பொறுப்பை ஒரு மனிதரிடம் ஒப்படைத்து, அதற்கான தொகையையும் அவருக்கு எழுதிவைப்பர். அல்லது சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு பெற்ற காப்பகத்துக்கு எழுதுவர். தொழிலதிபர் இரத்தன் தாதா 2024 அக்டோபர் 9 அன்று மறைந்தபோது, டிட்டோ என்னும் தம் நாயின் பராமரிப்புக்கு அவர் உயிலில் ஏற்பாடு செய்திருந்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின.

கேரளத்தில் வாழ்வோர் அறிய வேண்டிய வேறொரு செய்தி உண்டு. எல்லாச் சமயத்தாருக்கும் உயில் விதிகள் ஒன்றல்ல. முஸ்லிம் ஒருவர், வாரிசுகளின் இசைவு இல்லாவிடில், கடனும் அடக்கச் செலவும் போக எஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் கொடுக்க இயலாது. கிறித்தவருக்கோ நெடுங்காலம் விந்தையானதொரு தடை இருந்தது. அச்சட்டத்தின் 118ஆம் பிரிவு பின்வருமாறு விதித்தது: உடன்பிறந்தாரின் பிள்ளைகளோ அவர்களினும் நெருங்கிய உறவினரோ உள்ள ஒருவர் சமயப் பணிக்கோ அறப்பணிக்கோ சொத்தை எழுதிவைத்தால், இறப்பதற்குப் பன்னிரண்டு மாதங்களுக்கு முன்பே அவ்வுயில் எழுதப்பட்டிருக்க வேண்டும், எழுதிய ஆறு மாதங்களுக்குள் சட்டம் குறித்த காப்பிடத்தில் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் கொடை செல்லாது. தாம் எப்போது இறப்போம் என்பதை எவர் அறிவார்? உயில் எழுதிப் பதினோராம் மாதம் ஒருவர் மறைந்தால், அவர் எண்ணிய அறம் அவருடனேயே மறைந்தது. இறக்கும் தறுவாயில் இருப்போரை வற்புறுத்திச் சொத்தைப் பெறுவதைத் தடுப்பதற்காக இங்கிலாந்தில் 1736ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஒரு சட்டமே இதற்கு மூலம். இங்கிலாந்து அதனை 1960இல் கைவிட்டது. இந்தியாவில் அதன் நிழல் எஞ்சியிருந்தது.

கேரளத்தைச் சேர்ந்த கிறித்தவக் குரு ஜான் வள்ளமற்றம் இதனை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். இந்துவும் முஸ்லிமும் ஏற்காத கட்டுப்பாட்டைக் கிறித்தவர்மீது மட்டும் சுமத்துவது சமத்துவத்துக்கு மாறானது என்பது அவர் வாதம். 2003 சூலை 21 அன்று உச்ச நீதிமன்றம் அப்பிரிவு அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புக்கு முரணானது எனக் கூறி நீக்கியது. வழக்கில் நாய் பூனைகளைப் பற்றிய பேச்சே இல்லை. ஆனாலும் திருவனந்தபுரத்துக் கிறித்தவ மூதாட்டி ஒருவர் இன்று காப்பகத்துக்கு எழுதிவைக்கும் தொகை, நாட்களை எண்ணாமல் உரிய இடத்தைச் சேர்வதற்கு அத்தீர்ப்பும் ஒரு காரணம்.

சட்டம் வழிவிட்டாலும் எழுதுபவரின் கவனக்குறைவு கொடையைத் தடுமாறச் செய்யும். இங்கிலாந்தில் ஒரு பெண்மணி மனித இனத்தையே வெறுப்பதாகக் கூறித் தம் செல்வத்தை விலங்கு நல அமைப்புகளுக்கு எழுதிவைத்தார். ஒன்பது நிறுவனங்களின் பெயர்கள் இலண்டன் தொலைபேசிக் கையேட்டிலிருந்து எடுக்கப்பட்டன. அவற்றுள் ‘இலண்டன் விலங்கு மருத்துவமனை’ என்பது அறநிலையமே அன்று. ஒரு கால்நடை மருத்துவர் தம் வருமானத்துக்காக நடத்திய தொழில் என்பது பின்னர் தெரிந்தது. பெண்மணியின் நோக்கம் விலங்கு நலமே என்று உணர்ந்த மேல்முறையீட்டு நீதிமன்றம், 1966இல், அப்பங்கை அதனை ஒத்த அறப்பணிக்குச் செலவிட வழிசெய்தது. பட்டியலைச் சரிபார்க்க ஒரு நாள் செலவிட்டிருந்தால் நீதிமன்றப் படி ஏறியிருக்க வேண்டியதில்லை. ‘தெருநாய்களுக்கு’ என்று பொதுவாக எழுதாமல், அமைப்பின் பதிவுப் பெயர், பதிவு எண், முகவரி ஆகியவற்றை எழுதுவதும், அவ்வமைப்பு இல்லாமற்போனால் யாருக்குச் சேர வேண்டும் என்று குறிப்பதும் இதனால்தான்.

வங்கிக் கணக்கில் நியமனதாரராக ஒருவரைக் குறித்தால் போதும் எனப் பலர் எண்ணுகின்றனர். நியமனதாரர் பணத்தைப் பெற்று வாரிசுகளுக்காக வைத்திருப்பவரே. அவர் உரிமையாளர் ஆகமாட்டார். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் இங்குள்ள காப்பகத்துக்குக் கொடுக்க விரும்பினால், அக்காப்பகம் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும். வெளிநாட்டில் பணிபுரியும் இந்தியக் குடிமகன் தன் சொந்தப் பணத்தைக் கொடுப்பதற்கு இத்தடை இல்லை.

பணமாக அன்றி வீடாகவோ நிலமாகவோ கொடுக்க விரும்புவோரும் உளர். காப்பகத்துக்கு அது எப்போதும் எளிய கொடையன்று. நெருக்கமான குடியிருப்பின் நடுவே உள்ள மூன்று சென்ட் வீட்டில் நாற்பது நாய்களை வைக்க அண்டை வீட்டார் இசையமாட்டார்கள். அதை விற்கவும் கூடாது என்று உயில் விதித்தால், வரியும் பழுதுபார்க்கும் செலவும்தான் மிஞ்சும். ஆகவே, எழுதுவதற்கு முன் காப்பகத்தாரைக் கலந்து பேசுவர். பிள்ளைகளிடமும் முன்னரே சொல்லிவைப்பர்; அம்மாவின் கையொப்பம்தானா இது என்னும் கேள்வி, பெரும்பாலும் முன்பு ஒன்றும் கேள்விப்படாதவரிடமிருந்தே வருகின்றது.