ஸ்ட்ராபெரி: சத்துகளும் அறுவடைக்குப் பின் குளிரூட்டலும்

ஸ்ட்ராபெரி (செம்புற்றுப்பழம்) ரோசாக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு செடியின் பழமாகும். இன்று பயிராகும் இனம், வட அமெரிக்க இனம் ஒன்றும் சிலி நாட்டு இனம் ஒன்றும் கலந்து 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் உருவானது. இந்தியாவில் மகாராட்டிரத்தின் மகாபலேசுவரம் இப்பழத்துக்குப் பெயர்பெற்றது. அங்கு விளையும் பழம் 2010இல் புவிசார் குறியீடு பெற்றது. கொடைக்கானல், ஊட்டி, மூணாறு அருகிலுள்ள காந்தளூர், வட்டவடை ஆகிய மலையூர்களிலும் இது விளைகிறது.

சத்துகள்

100 கிராம் பழத்தில் சுமார் 91 கிராம் நீர், 2 கிராம் நார்ச்சத்து, 59 மில்லிகிராம் வைட்டமின் சி உள்ளன. இந்த வைட்டமின் சி அளவு ஆரஞ்சுப் பழத்துக்கு ஈடானது. ஃபோலேட், பொட்டாசியம், மாங்கனீசு ஆகியவையும் உண்டு. பழத்தின் செந்நிறத்துக்குக் காரணம் ஆந்தோசயனின் என்னும் நிறமி. எல்லாஜிக் அமிலம் முதலிய பாலிபீனால்களும் இதில் உள்ளன.

விரைவில் கெடுவது ஏன்?

வாழை, மாம்பழம் போலப் பறித்தபின் இது பழுக்காது. ஆகவே, நன்கு சிவந்த பிறகே பறிக்க வேண்டும். அப்போது பழம் மென்மையாக இருக்கும். தோலும் மிக மெல்லியது. பறித்த பின்பும் பழம் சுவாசிக்கிறது. 0 பாகை செல்சியசில் உள்ளதைவிட 20 பாகையில் சுவாசம் பல மடங்கு விரைவாக நடக்கும். சர்க்கரை குறையும், நீர் வற்றும், நசுங்கிய இடத்தில் வைட்டமின் சி சிதையும். சாம்பல் பூசணமும் பரவும்.

குளிரூட்டும் முறை

பறித்த ஒரு மணி நேரத்துக்குள் குளிரூட்டத் தொடங்குவது நல்லது. துளையுள்ள பெட்டிகளின் ஊடே குளிர்காற்றை விசிறியால் இழுப்பதே ஏற்ற முறை. ஈரம் பூசணத்தை வளர்க்கும் என்பதால் குளிர்நீரில் அமிழ்த்துவதில்லை. 0 பாகையில், 90 முதல் 95 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்தால் ஒரு வாரம் வரை தாங்கும்.

மலையிலிருந்து அடிவாரத்துக்கு

மூணாறிலிருந்து போடிமெட்டு வழியாக வரும் சாலை, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிநாயக்கனூரில் இறங்குகிறது. மேலே குளிர், கீழே வெயில். மலையில் குளிரூட்டிய பழத்தைத் திறந்த வண்டியில் கொண்டுவந்தால், சூடான காற்றிலுள்ள நீராவி பழத்தின்மேல் துளிகளாகப் படியும். பூசணத்துக்கு அதுவே போதும். வளைவுகளின் குலுக்கலில் பழங்கள் நசுங்கவும் கூடும். எனவே ஆழமற்ற பெட்டியில் அடுக்கி, கடை வரை குளிர் குறையாமல் கொண்டுவர வேண்டும். இடையில் குளிர் விட்டுப்போனால் விவசாயியின் உழைப்பும் பழத்தின் சத்தும் வீணாகும்.

வீட்டில்

பழத்தைக் கழுவாமல், காம்பு கிள்ளாமல் குளிர்பெட்டியில் வைத்து, உண்ணும் முன் மட்டும் கழுவ வேண்டும். பூசணம் பிடித்த பழத்தை உடனே பிரித்தெடுக்க வேண்டும்.