நிறுவனப் பதிவு நாடு மாற்றம்

நிறுவனப் பதிவு நாடு மாற்றம் என்பது, ஒரு நிறுவனம் கலைக்கப்படாமலேயே தனது பதிவை ஒரு நாட்டிலிருந்து வேறொரு நாட்டிற்கு மாற்றிக்கொள்வது ஆகும். நிறுவனத்தின் சட்ட ஆளுமை தொடர்வதால் அதன் சொத்துக்கள், கடன்கள், ஒப்பந்தங்கள் ஆகியனவும் தொடர்கின்றன.

ஐரோப்பிய ஒன்றியத்தில்

போல்பட் என்னும் போலந்து நிறுவனம் லக்சம்பர்க்கிற்கு மாற முனைந்தது. நிறுவனம் முதலில் கலைக்கப்பட்டாலன்றிப் பதிவேட்டிலிருந்து அதன் பெயரை நீக்கப் போலந்துச் சட்டம் இடமளிக்கவில்லை. இக்கட்டாயம், உறுப்பு நாடுகளில் தொழில் நிறுவும் சுதந்திரத்திற்கு முரணானது என ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017 இல் தீர்ப்பளித்தது.

நிறுவனம் நாடு மாறும்போது அதனைச் சார்ந்தோர் பாதிக்கப்படலாம். எனவே ஒன்றியம் 2019 இல் பொது விதிகளை இயற்றியது. இவற்றின்படி,

* எதிர்த்து வாக்களித்த பங்குதாரர் தம் பங்குகளுக்கு ஈடாகப் பணம் பெற்று விலகலாம்.
* கடன் கொடுத்தோர் உரிய பாதுகாப்புக் கோரலாம்.
* தொழிலாளருக்கு முன்னரே தெரிவித்துக் கருத்துக் கேட்க வேண்டும்.
* மோசடி நோக்கம் உறுதியானால், புறப்படும் நாடு சான்றிதழ் வழங்க மறுக்க வேண்டும்.