உஷார்! வெள்ளத்தில் மூழ்கிய ஆர்எக்ஸ் 100-இன் கிக்கரில் காலை வைக்காதீர்கள்!

தண்ணீர் வடிந்துவிட்டது, வண்டியைத் துடைத்துவிட்டு ஒரு உதை உதைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறீர்களா? நில்லுங்கள். காலை எடுங்கள்!

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் மழை. வேளச்சேரியில் ஒரு பையனின் ஆர்எக்ஸ் 100 ஹேண்டில்பார் வரை மூழ்கியது. அப்பா ஓட்டிய வண்டி. மெக்கானிக் ஹெட்டைக் கழற்றினார், போரில் துரு. "ஹாஃப் இன்ஜின் போதும் தம்பி" என்று ரீபோர் செய்து, புது பிஸ்டன் போட்டுக் கொடுத்தார். வண்டி கணீரென்று ஓடியது. சில வாரம்தான். ஜிஎஸ்டி ரோட்டில் போகும்போது கிராங்க் பேரிங் பிடித்து, பின்சக்கரம் அப்படியே லாக் ஆகிவிட்டது. தோள்பட்டை எலும்பு முறிந்தது. பின்னால் லாரி எதுவும் வராததால் உயிர் தப்பியது.

மேலே பார்த்தவர் கீழே பார்க்கவில்லை. ஆபத்து கீழேதான்!

டூ-ஸ்ட்ரோக்கில் காற்றும் பெட்ரோலும் கிராங்க் கேஸ் வழியாகத்தான் மேலே போகும். கார்புரேட்டரில் புகுந்த வெள்ளமும் அங்கேதான் இறங்கித் தேங்கும். ஃபோர்-ஸ்ட்ரோக் மாதிரி அங்கே ஆயில் நிரம்பி இருக்காது. பெட்ரோலோடு வரும் டூ-டி ஆயில் மெல்லிசாகப் படிந்திருக்கும், அவ்வளவுதான். சேற்றுத் தண்ணீர் நின்றால் பேரிங் சில நாளிலேயே துருப்பிடிக்கும்.

கிக்கர் பாதியில் நின்றால் ஏறி மிதிக்காதீர்கள். தண்ணீரை அமுக்க முடியாது; கனெக்டிங் ராடு வளையலாம். தள்ளி ஸ்டார்ட் செய்வது அதைவிட மோசம்!

கியர் ஆயிலை இறக்கிப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஆயில் சீல் எல்லாம் மாற்ற வேண்டும். பிஸ்டனைக் கழற்றியதும் ராடைப் பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம். மேலும் கீழும் துளி ஆடினாலும் கிராங்க் போச்சு. பேரிங்கைச் சுற்றும்போது கரகரவென்றால் துடைத்துப் போடாதீர்கள், மாற்றுங்கள்.

பலர் கோட்டை விடுகிற இடம் டூ-டி ஆயில் டேங்க். தண்ணீர் ஆயிலுக்கு அடியில் போய் நிற்கும். பம்புக்கு ஆயில் போகிற வழியும் அடியில்தான். புது பிஸ்டனுக்கு முதலில் போவது ஆயில் இல்லை, தண்ணீர்! டேங்க், குழாய், பம்ப் மூன்றையும் காலி செய்து சுத்தம் பண்ணாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது. பெட்ரோல் டேங்குக்கும் இதே கதைதான்.

இந்த வண்டி உற்பத்தி 1996-லேயே நின்றுபோனது. ஒரிஜினல் கிராங்க் கிடைப்பது குதிரைக்கொம்பு. டூப்ளிகேட் பளபளவென்று இருக்கும், நம்பாதீர்கள். உங்கள் பழைய கிராங்கையே நல்ல லேத் பட்டறையில் புது ராடு போட்டு, சென்டர் பார்த்து வாங்குவது மேல்.

செலவுக்குப் பயந்து ஹாஃப் இன்ஜினோடு நிறுத்தாதீர்கள். கிராங்க் கேஸைப் பிரித்து, உங்கள் கண்ணெதிரே பேரிங்கைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்கிற மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்!