வெட்டுமுன் கேளுங்கள்

மையவாடிச் சுற்றுச்சுவருக்காக ஐந்து மரங்களை அகற்ற ஆள் பேசி, அட்வான்ஸும் கொடுத்துவிட்டோம். மூலையில் நின்ற ஒல்லி மரத்தைப் பார்த்த மரவெட்டிதான், "பாய், இது சந்தனம், நான் தொடமாட்டேன்" என்றார். பறவை போட்ட விதையில் முளைத்தது. எங்களில் யாரும் கவனித்ததில்லை.

தமிழ்நாட்டில் 2002 முதல் பட்டா நிலத்துச் சந்தனமரம் நில உரிமையாளருக்கே சொந்தம். சொந்தம் என்பதற்காக நாமே வெட்டிவிட முடியாது. காய்ந்து நின்றாலும் வனத்துறையிடம் மனு கொடுக்க வேண்டும். வெட்டுவதும் விற்பதும் வனத்துறை வழியாகத்தான். மீறினால் வழக்கு.

மற்ற மரங்களுக்கு, முதலில் இடத்தைப் பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைச் சொல்லி, மரம் நிற்பது பட்டாவிலா புறம்போக்கிலா என்று கேளுங்கள். வாசலை ஒட்டி நின்றாலும் சாலையோர மரம் நம்முடையதல்ல. நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி சொந்த நிலத்து மரத்துக்கும் அனுமதி வேண்டும். வக்ஃபு நிலமானால் முத்தவல்லி தனியாக முடிவெடுக்காமல் ஜமாஅத் தீர்மானத்தோடு போவதே நல்லது.

எங்கள் மனு இப்போது வனச்சரக அலுவலகத்தில் இருக்கிறது. பதில் வரும்வரை சுவர் அந்த மூலையில் திறந்தே இருக்கும். ஆடுகள் நுழைகின்றன, அக்கம்பக்கத்தார் பொறுத்துக்கொள்ளவும்.