கிளட்ச்சை மிதித்தால் லிஃப்ட் ஏன் நிற்கிறது?

அமெரிக்காவில் 1947 முதல் 1952 வரை தயாரான ஃபோர்டு 8என் டிராக்டரில், கலப்பை மேலேறும்போது கிளட்ச்சை மிதித்தால் அது பாதியிலேயே நின்றுவிடும். கலப்பையைத் தூக்கும் லிஃப்டுக்கு எண்ணெய் தள்ளும் ஹைட்ராலிக் பம்ப்பைச் சுழற்றுவது, எஞ்சின் விசையைக் கருவிகளுக்குக் கொண்டுசெல்லும் பி.டி.ஓ. தண்டு. அதுவோ கிளட்ச்சுக்குப் பின்னால் இருப்பதால், கிளட்ச்சை மிதித்ததும் நின்றுவிடுகிறது. உழவுக்கு இது பெரிய குறையில்லை. மண் அள்ளும் வாளியுள்ள லோடர் மாட்டினால்தான் வம்பு. வண்டியை நிறுத்தக் கிளட்ச்சை மிதித்ததுமே வாளியும் நின்றுவிடும்!

1953இல் வந்த என்ஏஏ மாடலில் ஃபோர்டே பம்ப்பை எஞ்சினோடு இணைத்துவிட்டது. 8என் வைத்திருப்பவர்கள் ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு கியர் பம்ப்பைப் பொருத்தி, கிராங்க் ஷாஃப்ட் முனையிலிருந்து குறுந்தண்டு வைத்துச் சுழற்றுகிறார்கள். எஞ்சின் ஓடும்வரை இதுவும் ஓடும்.

பம்ப்பை மட்டும் மாற்றினால் போதாது. பழைய பம்ப்பின் வால்வு உறிஞ்சும் பக்கம் இருந்து, தேவையானபோது மட்டும் எண்ணெயை உள்ளே விடும். புதியதோ நிற்காமல் தள்ளும். ஆகவே வேலையில்லாத நேரத்தில் எண்ணெயைத் தொட்டிக்கே திருப்பும் வால்வு, தனித்தொட்டி, வடிகட்டி எல்லாம் வேண்டும். பம்ப் தருவது ஓட்டத்தை. அழுத்தத்தை உண்டாக்குவது சுமை. சிலிண்டர் எல்லையைத் தொட்டதும் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ரிலீஃப் வால்வு இல்லையென்றால் குழாய் வெடிக்கும்.

பெரிய பம்ப்பாகப் போடலாமே? சுற்றுக்கு 15 சி.சி. தள்ளும் பம்ப் 2000 சுற்றில் நிமிடத்துக்கு 30 லிட்டர் தரும். 100 பார் அழுத்தத்தில் அதற்கே 5 கிலோவாட், ஏறக்குறைய 7 குதிரைத்திறன் போய்விடும். இருபத்துச் சொச்சம் குதிரைத்திறன் எஞ்சினுக்கு அது அதிகம்.